மசிப் பாட்டிலுக்கு ஒரு பொட்டு

உத்திராபதி, சந்தனம் தொட்ட விரலை நீட்டியபடியே நின்றுவிட்டார். பொட்டு வாங்க வேண்டிய பாட்டில் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் இருந்த கருப்பு மசி விளிம்பைத் தாண்டி, தரையில் சொட்டி, அவருடைய வெறுங்காலை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருந்தது. அந்த அறையில் நிதானமாக இருந்தது அது ஒன்றுதான்.

சாதாரண மசியாக இருந்தால் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த சாமானுக்குப் போயிருப்பார். கொட்டிக் கிடந்தது அனுசுயாவின் நாலு வருஷ உழைப்பு.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், சிமெண்ட் லாரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கதவு அதிர்கிற ஒரு கல்லூரியில், வேதியியல் துறையின் ஆய்வக உதவியாளர் உத்திராபதி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆய்வகத்துச் சாமான் ஒவ்வொன்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவருடைய தனி உரிமை. தராசுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, நைட்ரஜன் சிலிண்டர் ஆள் உயரம் என்பதால் அதற்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக ஒன்று. அனுசுயா ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த வருஷத்திலிருந்து அவளுடைய மசிப் பாட்டிலுக்கும் ஒன்று. இந்த வருஷம் பாட்டிலைத் தூக்கியதும் மூடி கையோடு வந்துவிட்டது. விரலிலோ ஈரச் சந்தனம்.

அனுசுயா தா.பழூர்ப் பக்கத்துப் பெண். நாற்று நடுகிற வீட்டிலிருந்து வந்து, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கிற வேலையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் உலகத்தில் பல பேர் அதற்காக, தேடினாலும் கிடைக்காத உலோகங்களைத் தேடிக்கொண்டிருக்க, இவள் செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் என்று நாலே நாலை எடுத்துக்கொண்டாள். நாலும் பூமியில் கொட்டிக் கிடப்பவை. முதல் மூன்றும் பாத்திரக்கடையிலும் தகரக் கூரையிலும் இருப்பவை, நாலாவது பட்டாசுக்கடையில் இருப்பது. இவற்றை ஓர் எண்ணெயில் பக்குவமாகக் காய்ச்சினால் குறைகடத்திப் படிகங்கள் பிறக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு பொடிசு என்றால், ஒரு தலைமுடியின் குறுக்கே எட்டாயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். அவை மிதக்கிற திரவம்தான் அந்த மசி. அதைக் கண்ணாடியில் பூசிக் காயவைத்தால், இருட்டில் ஒரு பங்கு மின்சாரம் போகிற இடத்தில், வெளிச்சம் பட்டதும் பதினெட்டுப் பங்கு போகும். பெயிண்ட் அடிப்பதுபோல் அடித்துவிட்டு வெயிலைக் காட்ட வேண்டியதுதான். நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். உத்திராபதி நாலு வருஷமாக மலைத்துக்கொண்டுதான் இருந்தார்.

வந்த சிக்கலும் அந்தப் பதினெட்டால்தான். ஆய்வேட்டைப் படித்த சென்னைப் பேராசிரியர் பிரேம்குமார், இப்படி ஒரு சின்னக் கல்லூரியில் இவ்வளவு பெரிய எண் வர வழியில்லை என்று ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் எழுதிவிட்டார். திங்கட்கிழமை நேரில் வருகிறாராம். அவர் முன்னால் பதினெட்டு வந்தால் அனுசுயாவுக்கு டாக்டர் பட்டம். வராவிட்டால், எண்ணை இட்டுக்கட்டியவள் என்ற பெயர். துறைத்தலைவர் பழனிவேல் சார் கடிதத்தின் சாரம் இதுதான் என்று சொல்லிவிட்டு, ஆய்வகத்தைப் பளிச்சென்று வைத்திருக்கும்படி உத்திராபதியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அனுசுயா பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு அன்று காலைதான் ஊருக்குப் போனாள். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள். அவளுடைய போன் அணைந்திருந்தது.

கூட்டிப் பெருக்குகிற கிருஷ்ணம்மாள் வாளியோடு உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். பெரிதாக அதிர்ந்த மாதிரி தெரியவில்லை.

"என்னண்ணே, கொட்டிட்டீங்களா?"

"கிட்ட வராத. துணி போட்டுறாத. இது அனுசுயா பாப்பாவோட மருந்து."

"செரி, நீங்களே பாருங்க," என்று அவள் வராந்தாவுக்குப் போய்விட்டாள். இவளுக்கென்ன தெரியும் என்று உத்திராபதிக்கு எரிச்சலாக வந்தது.

பூஜைக்கென்று வாங்கிய புதுத் துண்டை மசியின்மேல் போட்டு, ஊறவைத்து, பாட்டிலுக்குள் பிழிந்தார். அரைப் பாட்டில் தேறியது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குங்குமம் தனியாக, சந்தனம் தனியாக, அடியில் மணல் மாதிரி ஏதோ தனியாக நின்றன. நடுவில் ஓர் எறும்பு நீந்திக்கொண்டிருந்தது. அதைக் கீழே ஊற்றிவிட்டார்.

அடுத்ததாக அவருக்குத் தோன்றிய யோசனைக்கு, பாவம், பயம்தான் காரணம். கருப்பாக இருக்க வேண்டும், பார்த்தால் அதே மாதிரி இருக்க வேண்டும், மற்றதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். ஆபீஸ் அறைக்குப் போய் ஜெராக்ஸ் மெஷினுக்குப் போடுகிற கருப்புப் பொடியில் நாலு ஸ்பூன் எடுத்து வந்தார். இன்னொரு பாட்டிலில் தின்னரை ஊற்றி, அதில் பொடியைப் போட்டுக் கலக்கினார். அச்சு அசல் அதே மசி. மூடி போட்டு, ஞாபகமாகப் பொட்டும் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பழனிவேல் சார் உள்ளே வந்தார். பொட்டும் பொலிவுமாக நின்ற பாட்டிலைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைக் கையில் ஏந்தி இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"எக்ஸாமினருக்கு அனுப்பிட்டேன். சாம்பிள் ரெடின்னு போட்டுட்டேன்," என்றார்.

உத்திராபதி தலையை ஆட்டினார். வேறு என்ன ஆட்ட முடியும். சார் போன பிறகு பாட்டிலை எடுத்தால், கனமாக இருந்தது. ஜெராக்ஸ் பொடி தின்னரில் கரைந்து ரோடு போடுகிற தார் மாதிரி இறுகிக்கொண்டிருந்தது. கலக்கிவிட்டு உள்ளேயே மறந்துபோட்டு மூடிய சின்னக் கரண்டி நட்டமாக நின்றது. மூடியைத் திருகினால் பாட்டிலே சேர்ந்து திரும்பியது.

இதைப் பிரேம்குமார் கண்ணாடியில் பூசிப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். ஜெராக்ஸ் பொடியைக் காட்டிப் பட்டம் வாங்கப் பார்த்தவள் என்று அந்தப் பிள்ளையை ஏசுவார்கள். நாலு வருஷம், ஒரு நாள்கூடப் பொய்யாக ஒரு எண்ணை எழுதாத பிள்ளை. ஒன்பது வந்த நாளில் ஒன்பது என்றுதான் எழுதுவாள், எழுதிவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுவாள், மறுநாள் காலை எட்டரைக்கு மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள். உத்திராபதி முக்காலியில் உட்கார்ந்து, தன்னைத் தானே நல்ல வார்த்தை நாலு சொல்லித் திட்டிக்கொண்டார்.

திட்டி முடித்து நிமிர்ந்தபோது அனுசுயாவின் மேஜையில் ஒரு நோட்டு கண்ணில் பட்டது. அவளுடைய ஆங்கில நோட்டுகளெல்லாம் பீரோவில் இருக்கும். இது தமிழில், கொட்டை கொட்டையான எழுத்தில் எழுதியிருந்தது. எந்தப் பாட்டில், எத்தனை கிராம், எத்தனை நிமிடம், எப்போது என்ன நிறம் என்று வரிசையாக இருந்தது. படிக்கப் படிக்க உத்திராபதிக்கு ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்தது. குடுவையைப் பிடித்தவர் அவர். தண்ணீரைத் திறந்தவர் அவர். வாயுக் குழாயைச் செருகியவர் அவர். நூற்றுக்கு மேற்பட்ட தடவை பக்கத்தில் நின்றிருக்கிறார். செய்ததுதான் இல்லை.

கல்லூரி ஞாயிறு வரை விடுமுறை. சாவி அவரிடம் இருந்தது.

புதன்கிழமை, வீட்டில் பூஜை முடிந்த கையோடு கிளம்பிவிட்டார். நோட்டில் சொன்னபடி செம்பு உப்பு, துத்தநாக உப்பு, வெள்ளீய உப்பு மூன்றையும் எடைபோட்டு எண்ணெயில் போட்டு, நைட்ரஜன் ஓடவிட்டு, சூடேற்றினார். அந்த எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசனையில் அது எண்ணெயே இல்லை, மீன். நாலு நாள் ஆன மீன். குடுவையில் நீலம் மாறித் தேன் நிறம் வந்துகொண்டிருந்தபோது, அரிசி வெந்ததா என்று பார்க்கிற பழக்கத்தில் உத்திராபதி மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டார். காற்று உள்ளே போய்விட்டது. கந்தகத்தைச் சேர்த்த பிறகு வந்தது காவி நிறத்தில் ஒரு சகதி.

வீட்டுக்குப் போனால் மனைவி உண்ணாமலை வாசலிலேயே நிறுத்தினாள். புரட்டாசி மாதம். அந்த வீட்டில் கருவாட்டுப் பானையைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

"ஏங்க, எங்க சாப்டீங்க?"

"எங்கயும் சாப்டல. ஏன்?"

"சட்டையில மீனு வாசம் அடிக்குது."

"அது மருந்து வாசம்."

"எந்த மருந்துலங்க மீனு வாசம் வரும்?"

பதில் சொல்ல அவருக்கு மூன்று உப்பின் பெயரும் ஒரு எண்ணெயின் பெயரும் தெரியும். அதைச் சொன்னால் ஏன் விடுமுறையில் அதைக் காய்ச்சினீர்கள் என்பாள். அதைச் சொன்னால் கொட்டியதைச் சொல்ல வேண்டும். சொன்னால் பொழுது விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பேசாமல் குளிக்கப் போனார். அவள் சந்தேகம் அதோடு உறுதியாகிவிட்டது.

வியாழக்கிழமை மூடியைத் தொடவே இல்லை. நோட்டில் ஒரு வரி சிவப்பு மையில் இருந்தது: 'கந்தகக் கரைசலை ஒரே மூச்சில் செலுத்தவும். தயங்கினால் படிகங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகிவிடும்.' உத்திராபதி தயங்கினார். ஊசிக்குழாயை ஒரேயடியாக அழுத்தப் பயம். புளித் தண்ணீர் விடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கருப்பு வந்தது. கழுவி, வண்டலைப் பிரிக்கிற மெஷினில் சுழற்றி, பாட்டிலில் ஊற்றியதும் பாதி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு அன்றைக்குக் கந்தக வாடையும் சட்டையில் ஏறிவிட்டது.

உண்ணாமலை முகர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு முட்டையுமா?" என்று கேட்டுவிட்டு, சோற்றைப் போட்டு, அதற்குமேல் பேசவில்லை. அந்தப் பேசாத இரண்டு மணி நேரம் உத்திராபதிக்கு வயசில் ரெண்டைக் கூட்டியது.

வெள்ளிக்கிழமை, எண்ணெய் பாட்டிலில் ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தது. உப்பும் அப்படித்தான். குடுவை தேன் நிறத்துக்கு வந்த நேரத்தில் ஆய்வகக் கதவு திறந்தது. கையில் டிபன் பாக்ஸோடு உண்ணாமலை நின்றாள். யார் வீட்டு மீன் என்று கண்டுபிடித்துவிடுவது என்ற முடிவோடு பஸ் ஏறி வந்திருந்தாள். குப்பென்று அடித்த வாசத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சுற்றிப் பார்த்தாள். அடுப்பு இருந்தது, சட்டி இல்லை. புருஷன் கண்ணாடிக் குடுவை முன்னால் வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

உத்திராபதிக்கு இனி மறைக்கத் தெம்பில்லை. பொட்டு வைத்தது, கொட்டியது, ஜெராக்ஸ் பொடி, எல்லாவற்றையும் குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லி முடித்தார்.

உண்ணாமலை டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். "நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"அடுப்புல சூடு காட்டுற அந்தச் செவப்பு எண்ண மட்டும் பாத்துச் சொல்லு. இருநூத்தி இருவத்தஞ்சு வரணும்."

அவள் குனிந்து படித்தாள். இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பதினேழு. இருநூற்று இருபத்து மூன்று. வெளியே ஒரு லாரி போய் ஜன்னல் அதிர்ந்தது. இருவரும் அசையவில்லை.

"வந்துருச்சுங்க."

உத்திராபதி ஒரே மூச்சில் தள்ளினார். தேன் நிறம் கண் சிமிட்டுவதற்குள் கருகருவென்று ஆனது. சகதியும் இல்லை, திட்டும் இல்லை. ஒரே சீரான, ஆழமான கருப்பு. உண்ணாமலை முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள். இதையா அந்தப் பொண்ணு நாலு வருஷமா ஒத்தையில செய்யுது என்று கேட்டாள். ஆமாம் என்றார் உத்திராபதி. பக்கத்திலேயே நின்றும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறவைத்து, ஸ்பிரிட்டில் கழுவி, சுழற்றி, தின்னரில் கரைத்தார்கள். ஒரு பொட்டுக்கூட அடியில் தங்கவில்லை. புதுப் பாட்டிலில் ஊற்றி, மூடியை மூன்று தடவை இறுக்கி, அதற்குப் பிறகு பொட்டு வைத்தார்.

சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் அவர் வேண்டிக்கொண்டது ஒரே ஒரு எண்ணைத்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு பிரேம்குமார் வந்துவிட்டார். குள்ளமான மனிதர், சிரிப்பு என்பது துளியும் கிடையாது. அனுசுயா ஊரிலிருந்து நேராக வந்து ஓரமாக நின்றாள். உத்திராபதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிரேம்குமார் யாரையும் தொடவிடாமல், பாட்டிலைத் தானே திறந்து, கண்ணாடியில் தானே பூசி, சூடான தட்டில் காயவைத்து, இரண்டு ஊசிமுனைகளை அதன்மேல் தானே பொருத்தினார். ஜன்னலை மூடச் சொல்லி இருட்டில் ஓர் எண்ணைக் குறித்தார். விளக்கைப் போட்டார். மீட்டரில் எண்கள் ஏறத் தொடங்கின. ஏறி, நின்று, கொஞ்சம் தள்ளாடி, மறுபடி நின்றன. அவர் கணக்குப் போட்டார்.

"பதினேழே முக்கால்," என்றார்.

பழனிவேல் சார் கை தட்டினார். பிரேம்குமார் தட்டவில்லை. அனுசுயாவைப் பார்த்து, இந்த மசியை எந்தத் தேதியில் செய்தது என்று கேட்டார். அனுசுயா பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உத்திராபதிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், பாவம், எந்தத் தேதியைச் சொல்லும்.

"சார், அது பாப்பா செஞ்சது இல்ல சார். நான் செஞ்சது."

பழனிவேல் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னய்யா ஒளர்ற?" என்றார்.

"ஒளரல சார். பாப்பா செஞ்சு வெச்சத நான் கொட்டிட்டேன். போட்டோவுல நீங்க அனுப்புனது ஜெராக்ஸ் மசி. இது நான் வெள்ளிக்கெழம செஞ்சது. பாப்பாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. என்ன வேணாலும் பண்ணுங்க, அது பொய் சொல்லுதுன்னு மட்டும் எழுதிராதீங்க."

பிரேம்குமார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இவங்க பக்கத்துல இருந்தாங்களா?"

"இல்ல சார். ஊர்ல இருந்துச்சு."

"போன்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"போனே எடுக்கல சார். இந்த நோட்டுதான்."

பிரேம்குமார் முழுவதையும் சொல்லச் சொன்னார். உத்திராபதி சொன்னார். நீலம், தேன் நிறம், இருநூற்று இருபத்தைந்து, ஒரே மூச்சு. மூடியைத் தூக்கினால் என்ன ஆகும், தயங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொந்த அனுபவத்தில் விளக்கினார். பேராசிரியர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, பையிலிருந்து தன் கடிதத்தின் நகலை எடுத்து, பழனிவேல் சார் படிக்காமல் விட்டிருந்த மூன்றாம் பக்கத்தைத் தமிழில் சொன்னார். அனுசுயா செய்து காட்டினால் போதாது, அவள் பக்கத்தில் இல்லாமல், அவளுடைய குறிப்பை மட்டும் படித்து, வேறு ஒருவர் செய்து அதே எண் வர வேண்டும், அப்போதுதான் அது விஞ்ஞானம் என்று எழுதியிருந்தார்.

"எங்க லேப்ல மூணு பேர வெச்சுப் பாத்தேன். ஒருத்தருக்கும் பன்னெண்டத் தாண்டல," என்றார். "அதான் சந்தேகப்பட்டேன். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது சார்."

பிரேம்குமார் எழுந்து வந்து உத்திராபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம்தான் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அனுசுயா அழுதாள். உத்திராபதியும் அழுதார். பழனிவேல் சார் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்.

சாப்பாட்டு வேளையில் உத்திராபதி வராந்தாப் படியில் வந்து உட்கார்ந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தும் மனசு ஆறவில்லை. துடைப்பத்தோடு வந்த கிருஷ்ணம்மாளிடம், பாப்பா கையால செஞ்ச மருந்த இப்படிக் கொட்டிட்டேனே, அது நெனப்பு சாவுற வரைக்கும் போவாது என்று புலம்பினார்.

கிருஷ்ணம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அட நீங்க ஒண்ணுண்ணே, அது நான் அரைச்சுக் குடுத்த அடுப்புக்கரி. வேற ஒருத்தர்தான் செய்யணும்னு லெட்டர்ல இருந்துச்சாம், உங்கள நேராக் கேட்டா ஓடிருவீங்கன்னு பாப்பாதான் எண்ணெயில கரைச்சு, மூடிய ஒப்புக்கு வெச்சுட்டுப் போச்சு. பொட்டு வெக்கிறப்ப நீங்க கொட்டலன்னா, கூட்டுறப்ப நான் தட்டி உடணும்னு பேச்சு."